ஊறாத தீனி

மீன் பொரியைத் துப்பியது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, புரட்டாசி பிறந்ததிலிருந்து அது துப்பிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மீன் துப்பிய அதே நொடியில், சந்திரகலாவின் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் கிடந்த மாமனாரும் 'த்தூ' என்று துப்பினார்.

அவள் திரும்பினாள். பக்கிரிசாமியின் கோணிப்போன வாயோரத்தில், எச்சிலோடு எச்சிலாக, ஒரு பொரித் துணுக்கு ஒட்டியிருந்தது. அவருக்கு அவள் பொரி கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், அன்று காலையில் அவருக்கு இன்னும் எதுவுமே கொடுக்கவில்லை.

"பொரி எங்கேருந்து வந்துச்சு மாமா?"

பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டாள். பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தவை இடக்கையும் இரண்டு கண்களும். அந்தக் கண்களால் அவர் பார்த்தார். அவள் முகத்தை அல்ல, ஆறு மாத வயிற்றை. அவள் துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்தாள், துடைக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

மலேசியாவின் கிள்ளானில் அந்த வரிசை வீட்டின் ஹாலில்தான் அவர் கட்டில். எதிரே தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடி ஜாடி. அதற்குள் கரு நீலத்தில், சிவப்பு வாலை நனைந்த துணிபோலத் தொங்கவிட்டுக்கொண்டு, அவருடைய சண்டை மீன். லாகா என்பார்கள் இங்கே. தண்ணீருக்குள் ஒரு காய்ந்த கெத்தாப்பாங் இலை, நாட்டு வாதுமை இலைதான், கிடந்து ஊறி, தண்ணீர் முழுவதும் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருக்கும். நோய் வராமல் இருக்க அந்த இலை என்று அவர் முன்பு சொல்லியிருக்கிறார். அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து மீன் அவ்வப்போது மேலே வரும், வாயைத் திறந்து காற்றை ஒரு மிடறு விழுங்கும், இறங்கிப் போகும். கிழவருக்கு உலகத்தில் பாக்கி இருந்த ஒரே பொழுதுபோக்கு அதற்குத் தீனி போடுவது. மகன் ஜாடியைத் தூக்கிப் பக்கத்தில் வைப்பான், அவர் இடக்கையால் டப்பாவிலிருந்து கிள்ளிப் போடுவார். அதையும் சந்திரகலா நிறுத்திவிட்டாள்.

வேண்டுதல் அப்படி. கல்யாணமாகி எத்தனையோ வருடம் வயிறு திறக்கவில்லை. உறவுக்காரிகள் வளைகாப்புக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளை கொடு, அடுத்த புரட்டாசி முழுக்க என் வீட்டு வாசப்படிக்குள் ஒரு துளி கவிச்சி நுழையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமாள் கோயிலில் ஈரப்புடவையோடு நின்று சொன்னாள். சொன்னபடி பெருமாள் கொடுத்தார். புரட்டாசிக்கு முதல் நாள் வீட்டையே கழுவி ஊற்றினாள். மீன் சட்டி போயிற்று, நெத்திலிப் பை போயிற்று, இறால் விழுது அடைத்த பெலாச்சான் போத்தல் போயிற்று. கடைசியில் மீன் தீனி டப்பாவைத் திருப்பி, பின்னால் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மீன் தூள், இறால் தூள். வீட்டு நடுஹாலில், சாமி படத்துக்கு எதிரே! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மீனுக்கும் விரதமா கலா? புழு பூச்சி தின்னுற ஜாதி லா அது" என்றான் அவள் புருஷன் முகுந்தன்.

"ஒரு மாசம் தின்னலைன்னா செத்துடாது. பொரி தூள் பண்ணிப் போடுறேன். எனக்கு என் பிள்ளை முக்கியம்."

"பொரியெல்லாம் வேணாம். காஞ்சதப் போட்டா அது வயித்துக்குள்ள போய் ஊதிக்கும். டப்பா தீனியவே அப்பா தண்ணியில ஊறவெச்சுத்தான் போடுவாரு. அதுவும் ரெண்டே ரெண்டு. அளவு தப்புனா வயிறு வெடிச்சுச் செத்துடுமாம்."

"அப்ப ரெண்டு பொரி போடுறேன்."

அதற்கு மேல் வாதாடத் தெரியாத மனுஷன் அவன். டப்பாவைக் கொண்டுபோய்க் காரின் பின்பெட்டிக்குள் போட்டுவிட்டு, துறைமுகத்தில் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டான். கட்டிலில் கிடந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாய்தான் போயிற்று, காது நன்றாகவே இருந்தது.

அன்றிலிருந்து புகைமூட்டமும் சேர்ந்துகொண்டது. கடல் தாண்டி எங்கேயோ காடு எரிந்ததற்கு இங்கே பள்ளிக்கூடத்தை மூடினார்கள். வெளியே எதிர்வீட்டு கேட் தெரியவில்லை, நடுப்பகலில் தெருவிளக்கு எரிந்தது. சன்னல்களை அடைத்து இடுக்கில் ஈரத்துணி செருகியும், சுட்ட ரப்பர் வாசனை ஒன்று உள்ளே வந்து திரைச்சீலையிலும் தலையணையிலும் சோற்றிலும் உட்கார்ந்தது. அடைத்த வீட்டுக்குள் காற்றாடியின் கிறீச் சத்தமும், மாமனாரின் இழுப்பு மூச்சும், இடையிடையே ஜாடியில் மீன் மேலே வந்து காற்றை விழுங்கும் 'ப்ளக்' என்ற சின்னச் சத்தமும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்ததே இல்லை. இப்போது சமையலறைவரை கேட்டது.

வாய்க்குள்ளும் ஏதோ சரியில்லை. பல் துலக்கினாலும், ஏலக்காய் மென்றாலும், நாக்கடியில் குளத்துத் தண்ணீர்போல ஒரு பாசிச் சுவை. சோறு இறங்கவில்லை, ஆனால் பசி மட்டும் அடங்கவில்லை. விரதக்காரியின் வாய் நெத்திலிக்கும் இறாலுக்கும் ஊறியது, அவளுக்கே அசிங்கமாக இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வாய் அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டு உஷாராணி அக்கா சொல்லியிருந்தாள்.

உஷாராணி அக்கா சுண்டல் கிண்ணத்தோடு வந்தபோது கிழவர் சுத்தமாக, பவுடர் பூசி, சந்தனப் பொட்டோடு இருந்தார். ஆள் வரும் நாளில் அப்படி இருப்பார்.

"தங்கமாப் பாத்துக்கிறே கலா. இந்தக் காலத்துல யாரு பாப்பா? ஹோம்ல தள்ளிட்டுப் போயிடுவாங்க."

"நம்ம கடமைதானேக்கா" என்றாள் சந்திரகலா.

ஹோமில் விடலாம் என்று அவள் கேட்காத நாளில்லை. முகுந்தன்தான் அந்த ஒரு விஷயத்தில் அசையவில்லை. ஆள் போனதும் தங்கத்தனமும் போய்விடும். கஞ்சி ஆறி ஆடைகட்டிய பிறகுதான் வரும். பேம்பர்ஸ் மாற்ற வேண்டிய நேரத்தில் அவளுக்குத் தொடர் நாடகம் இருக்கும். அவர் இடக்கை ஜாடியைக் காட்டி நீண்டுகொண்டே இருந்தது. முதலில் அதைத் தட்டிவிட்டாள். பிறகு கரண்டிக் காம்பால் அடித்தாள். கடைசியில் பழைய வேட்டியைக் கிழித்து, அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு கட்டினாள். விழுந்துவிடாமல் இருக்க என்று புருஷனிடம் சொன்னாள். அவன் நம்பினான், அல்லது நம்புவது அவனுக்கு வசதியாக இருந்தது.

கட்டிய அன்று மாமனார் அழவில்லை, முனகவில்லை. தலையைத் திருப்பி மீனையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்து, மூடினார். ஜாடிக்குள் மீன் திறந்து, மூடியது. அவர் திறந்தார். மீன் திறந்தது. இரண்டும் ஒரே தாளத்தில். முந்துவதும் இல்லை, பிந்துவதும் இல்லை.

"மாமா, சும்மா இருங்க!"

அவர் நிறுத்தினார். மீனும் நின்றது. பிறகு அந்தக் கண்கள் மெதுவாக இறங்கி அவள் வயிற்றில் போய் நின்றன.

அவளுக்குப் பயம் அன்றுதான் பிடித்தது. அவர் தன்னைச் சபிக்கட்டும், அது போகட்டும். ஆனால் இத்தனை வருடம் தவம் கிடந்து வாங்கிய பிள்ளை. அதன் மேல் அந்தக் கண் விழுகிறது, ஓயாமல் விழுகிறது. முந்தானையைப் போட்டு மூடினாலும் துணியைத் துளைத்துக்கொண்டு பார்ப்பதுபோல இருந்தது. பிள்ளை பிறந்ததும் தொட்டிலும் இந்த ஹாலில்தான் தொங்கும்.

மீனுக்குப் பொரியையும் நிறுத்திப் பார்த்தாள். நிறுத்தியதிலிருந்து கிழவரின் கன்னம் உள்ளே விழுந்தது, விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தான் அவருடைய கஞ்சியையும் குறைத்துவிட்டது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. ஜாடியின் மேல் தடித்த துணியைப் போட்டு மூடினாள். கட்டிலில் அவர் நெஞ்சு ஏறி இறங்கியது, கண் பிதுங்கியது. அவளுக்கும் மூச்சு முட்டத்தான் செய்தது, புகைக்கு யாருக்குத்தான் முட்டவில்லை? துணியை எடுத்தாள். 'ப்ளக்.' மீன் காற்றை விழுங்கியது. மாமனார் ஆழமாக இழுத்து விட்டார்.

அப்போ இதுதான் விஷயம். அவர் உயிர் அதில் கிடக்கிறது. கட்டிலில் கிடப்பது வெறும் கூடு.

இப்படி ஒரு நினைப்பு வந்தால் வேறு யாராவது கோயிலுக்கு ஓடுவார்கள், புருஷனிடம் அழுவார்கள். சந்திரகலா சமையலறையில் உட்கார்ந்து, சுண்டலை எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக யோசித்தாள். தலையணை என்றால் பாவம், மாத்திரை என்றால் டாக்டர் கண்டுபிடிப்பார். மீனுக்குத் தீனி போட்டதற்கு யார் கேள்வி கேட்பார்கள்? அளவு தப்பினால் வெடித்துவிடும் என்று முகுந்தனே சொன்னானே. அவள் கிண்ணத்தைக் காலி செய்திருந்தாள், பசி அப்படியே இருந்தது.

முகுந்தன் தூங்கும்போது கார் சாவியை எடுத்து அந்த டப்பாவைக் கொண்டுவந்தாள். விரதம் முடியவில்லை, கவிச்சி வீட்டுக்குள் வந்துவிட்டது. பிள்ளைக்காகத்தான் பெருமாளே, கண்டுக்காதே என்று சாமி படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு கதவைப் பூட்டினாள். வெளியே புகை, பழுப்பு நிறத்தில், சன்னல் கண்ணாடியை ஒட்டி நின்றது. பகலா பொழுதுசாய்ந்த நேரமா என்று சொல்ல முடியாத வெளிச்சம். ஜாடியைத் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். மீன் வயிறும் மாமனார் வயிறும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும், அதற்குத்தான். தண்ணீர் தளும்பியது. அவளுக்குத் தலை சுற்றியது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்க மீனுக்குப் பசிக்குதாம் மாமா. நல்லா போடுறேன், பாருங்க."

மூடியைத் திறந்தாள். இறால் தூள் வாசனை குப்பென்று வந்தது. அவள் வாயில் எச்சில் சுரந்து உதட்டோரம் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, டப்பாவைச் சாய்த்தாள்.

சரசரவென்று விழுந்தது. கடுகளவு உருண்டைகள், தண்ணீர் மேல் பழுப்பாகப் பரவி மிதந்தன. மீன் கீழே இலைக்கடியில் அசையாமல் நின்றது. பிறகு வந்தது. ஒன்றைக் கொத்தியது. இன்னொன்று. துப்பவில்லை. அடுத்தது. கண்ணாடிக்குள் அதன் பல் உருண்டையை நொறுக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு சின்ன மீனின் பல் சத்தம் எப்படிக் கேட்கும்? கேட்டது. அவள் கடைவாய்க்குள் கேட்டது.

அவள் மாமனாரைப் பார்த்தாள்.

அவர் வாயைத் திறக்கவில்லை.

மீன் விழுங்கியது. அவர் வாய் மூடியே இருந்தது. மீன் மறுபடியும் விழுங்கியது, மறுபடியும். அவர் வயிறு முதுகோடு ஒட்டி, நேற்று இருந்தபடியே கிடந்தது.

"திறங்க" என்றாள். "வாயத் திறங்க மாமா!"

இன்னும் கொட்டினாள். பாதி டப்பா. மீனின் வயிறு பட்டாணி அளவு உருண்டது, பிறகு கோலிக்குண்டு அளவு. செதில்கள் விரிந்து நின்றன. அப்போதும் அது தின்றது. அப்போதும் கிழவர் அசையவில்லை. இத்தனை நாள் மீனோடு சேர்ந்து திறந்த வாய், மீனோடு சேர்ந்து திணறிய மூச்சு, எல்லாம் நின்றிருந்தது. ஒரு சாதாரணக் கிழவர்போல அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டு, தலையணையில் சாய்ந்து, அவளைப் பார்த்தார்.

பிறகு சிரித்தார். பாதி வாயால்.

நடித்திருக்கிறார். ஐயோ. கிழவன் நடித்திருக்கிறான்.

அது புரிந்தபோது அவளுக்கு ஒரு ஏப்பம் வந்தது. மீன் தூள் வாசனையோடு.

வயிற்றுக்குள் ஏதோ ஊறத் தொடங்கியிருந்தது. வலி இல்லை, முதலில் பாரம்தான். ஈரமான பாரம், நிமிடத்துக்கு நிமிடம் இடம் கேட்டு அகலும் பாரம். நைட்டியின் பக்கத் தையல் இறுகியது. அவள் கையை வைத்தாள். தோல் சூடாக, வழுவழுப்பாக, தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்கு விறைத்திருந்தது. காலையில் ஆறு மாதம். இப்போது ஒன்பது. கை கீழே நகர்வதற்குள் ஒன்பதையும் தாண்டியது. தையல் ஒன்று டப்பென்று விட்டது.

பாப்பா.

என் பாப்பா.

டப்பாவைக் கட்டில்மேல் போட்டுவிட்டு இரண்டு கையையும் ஜாடிக்குள் விட்டாள். மீனைப் பிடிக்க வேண்டும். பிடித்து, வயிற்றை அமுக்கி, தின்றதையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும். இலை கையில் சிக்கியது. வழுக்கியது. சேறு. இலை மறுபடியும். தண்ணீரை அளைந்தாள், அளைந்தாள், விரல் நான்கு பக்கமும் கண்ணாடியில் முட்டியது.

மீன் இல்லை.

கைப்பேசி அடித்தது. முகுந்தன். ஈரக்கையால் எப்படியோ அழுத்தினாள்.

"கலா? அப்பா சாப்பிட்டாரா?"

அவள் கத்தினாள். வாய் திறந்தது, மூடியது. சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தது, மூடியது. 'ப்ளக்.'

"ஹலோ? ஒண்ணும் கேக்கல லா. லைன் சரியில்ல போல. சரி, வரும்போது பாப்பாவுக்கு அந்தத் தொட்டில் கம்பி வாங்கிட்டு வரேன்."

அழைப்பு நின்றது. அவள் முழங்கால் மடிந்து கட்டிலோரம் சரிந்தாள். எழ முடியவில்லை. வயிறு தரையைத் தொட்டது. நீல நரம்புகள் ஓடிய அந்தத் தோல் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிபோல மின்னியது, அதற்கு அடியில் தேநீர் நிறத்தில் ஏதோ கலங்கியது, கலங்கலுக்குள் சிவப்பாக ஒன்று விரிந்து, சுருங்கி, திரும்பியது.

மேலே துணி உராயும் சத்தம். வேட்டிக் கிழிசல் அவிழ்ந்து அவள் தோளில் விழுந்தது. எப்போது அவிழ்த்தார்? எத்தனை நாளாக அவிழ்ந்தே இருந்தது?

அவர் இடக்கை படுக்கையைத் துழாவி டப்பாவை எடுத்தது. மடியில் வைத்துக்கொண்டது. அவசரமே இல்லாமல், விரல் நுனியால் ஒரே ஒரு உருண்டையைக் கிள்ளி எடுத்து, ஆள் இல்லாத ஜாடிக்கு மேலே நீட்டியது.

வேணாம் மாமா. மாமா. உங்க பேரப்பிள்ளை மாமா.

வாய் திறந்தது, மூடியது.

அவர் உருண்டையை விட்டார். அது தண்ணீரைத் தொட்டு, மிதந்து, மறைந்தது. சந்திரகலாவின் தொப்புளுக்குக் கீழே தோல் கூம்பாக எழுந்தது. உள்ளே இருந்தது மேலே வந்து, வாயைத் திறந்து, கவ்வி, இறங்கியது. இறங்கியது மறுபடியும் திரும்பி மேலே வந்து, அதே இடத்தில் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டு நின்றது. கிழவர் டப்பாவுக்குள் விரலை விட்டார்.